ஒற்றைக் காலில் ஒரு தவம்

சீன தேசத்திலிருந்து பிழைப்பைத் தேடி ஜப்பானுக்கு வந்து, டோக்கியோ நகரில் நூடுல்ஸ் கடை வைத்த ஒருவருக்கும் ஜப்பானியத் தாய்க்கும் 1940-ஆம் ஆண்டில் பிறந்த மகன்தான் பேஸ்பால் உலகம் போற்றும் சதாஹாரு ஓ. ‘வாங்’ என்னும் சீனக் குலப்பெயரின் எழுத்தையே ஜப்பானியர் ‘ஓ’ என்று வாசிக்கிறார்கள். அரசன் என்பது அதன் பொருள். தந்தை வழியாக வந்த சீனக் குடியுரிமையை அவர் கைவிடவே இல்லை. அதன் காரணமாக, 1957-ல் கோஷியென் என்னும் பள்ளி பேஸ்பால் வசந்தகாலப் போட்டியில் தம் பள்ளிக்கு வெற்றி தேடித் தந்த அந்தச் சிறுவனால், ஜப்பானியப் பிரஜைகளுக்கே இடமுண்டு என்ற விதியினால், அவ்வாண்டின் தேசிய விளையாட்டு விழாவிலே ஆட முடியாமற்போனது.

1959-ல் யோமியுரி ஜயண்ட்ஸ் அணியில் பிரவேசித்தவருக்கு முதல் 26 முறை மட்டை பிடித்தும் ஓர் அடிகூட வாய்க்கவில்லை. ஆட்டமிழப்பதில்தான் இவர் அரசன் என்று ரசிகர்கள் கூவினார்கள். பந்து வரும் சமயத்தில் கைகள் ஒருமுறை வீணாக அசைந்து வீச்சைத் தாமதப்படுத்தியதே அவருடைய குறை. பயிற்சியாளர் ஹிரோஷி அரகாவா அதற்குக் கண்ட உபாயம் விசித்திரமானது: வலக்காலைத் தூக்கிக்கொண்டு, கொக்கைப் போல் இடக்காலில் மட்டும் நிற்கச் செய்தார். அப்படி நிற்பவன் கைகளை வீணாக அசைத்தால் சமநிலை குலைந்துவிடுமாதலால், குறை தானே அகன்றது. மேலேயிருந்து தொங்கவிட்ட காகிதத்தை வாளால் வெட்டும் அப்பியாசமும் இரவுதோறும் நடந்தது. கை பலத்தினால் மட்டும் வீசினால் காகிதம் விலகிப் பறக்குமே தவிர, வெட்டுப்படாது. 1962-ல் தொடங்கிய இந்தத் தவத்தின் பலன், 1980-ல் ஓய்வு பெறும்போது 868 ஹோம்ரன்கள், அதாவது பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் அடிகள்.

பிறவியிலேயே கைவந்த வித்தையைப் பிறருக்கு விளக்குவது அரிது. ஒருவர் கற்பிக்க, வருந்திக் கற்றவரே நல்ல ஆசாரியராவார் என்பது என் துணிபு. ஆயினும் அதற்கும் காலம் வேண்டியிருந்தது. ஓய்வுக்குப் பின் தலைமைப் பயிற்சியாளராக ஜயண்ட்ஸ் அணியை ஐந்தாண்டு நடத்தி ஒரே ஒரு லீக் பட்டம் பெற்றார். 1995-ல் ஃபுகுவோகா ஹாக்ஸ் அணியை ஏற்றார். மறு ஆண்டு, தோல்விகளால் சினந்த அணியின் ரசிகர்களே அவர் சென்ற பேருந்தின்மேல் முட்டைகளை வீசினார்கள். அத்தகைய மனிதருக்கு அந்த அவமானம் நேர்ந்ததை நினைக்க இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை. அவர் விலகிப் போகவில்லை. 1999-ல் அதே அணி ஜப்பானியச் சாம்பியன் ஆயிற்று.

2006-ல் முதல் உலக பேஸ்பால் கிளாசிக்கின் இறுதியாட்டத்தில் கியூபாவை 10-6 என்று வென்ற ஜப்பான் தேசிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர், சீனக் குடியுரிமை மாறாத இந்த ஓதான். அதே ஆண்டில் புற்றுநோயினால் அவருடைய இரைப்பை அகற்றப்பட்டது. அடுத்த பருவத்தில் ஹாக்ஸ் அணியை நடத்த மீண்டும் மைதானத்திற்கு வந்துவிட்டார்.