வெளிநாட்டுப் பெட்டியில் வைக்கும் மாத்திரை: போகும் முன்பே தெரிந்துகொள்வோம்



நம் குழுக்களில் வீட்டுக்காரரோ, மகனோ, தம்பியோ வெளிநாட்டில் வேலை பார்க்காத குடும்பம் குறைவு. துபாய், சவூதி, குவைத், கத்தார், சிங்கப்பூர், மலேசியா என்று போயிருக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் பெண்களும் போகிறார்கள். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் குழுவில் கடன் வாங்குகிறோம், நகையை அடகு வைக்கிறோம். கடைசியில் பெட்டி கட்டுவது நாம்தான். ஊறுகாய், பொடி வகைகள், கூடவே ஆறு மாதத்துக்கு மாத்திரை. "அங்க டாக்டர் செலவு ஜாஸ்தி, இங்கேயே வாங்கிட்டுப் போயிடு" என்று சொல்லி அனுப்புகிறோம்.

இந்த மாத்திரை விஷயத்தைத்தான் இந்த இதழில் பேசப் போகிறோம். நம் ஊரில் டாக்டர் எழுதிக் கொடுத்து, மெடிக்கலில் பில் போட்டு வாங்கிய மருந்து சில நாடுகளில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அதைக் கொண்டு போனால் விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள். வழக்கு, சிறை, நாடு கடத்தல் வரைக்கும் போகலாம். போன ஆள் சிக்கிக்கொண்டால் வீட்டில் கடன் மட்டும் நிற்கும்.

டாக்டர் கொடுத்த மாத்திரைதானே, இதில் என்ன தப்பு?

நியாயமான கேள்விதான். ஆனால் எந்த மருந்தை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்கிறது. நம் டாக்டரின் சீட்டு நம் நாட்டு மருந்துக் கடையில் செல்லும். வேறு நாட்டு எல்லையில் அது மட்டும் போதாது.

சில வலி மாத்திரைகளும் நரம்பு மாத்திரைகளும் அதிகமாகப் போட்டால் போதை தரும். வளைகுடா நாடுகளில் இளைஞர்கள் இவற்றைப் போதைக்காக வாங்கிச் சாப்பிடுவது பெரிய பிரச்சினை ஆனதால் அரசுகள் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. சுங்க அதிகாரிக்கு நம் பிள்ளை முதுகு வலிக்குக் கொண்டு வந்தாரா, விற்பதற்குக் கொண்டு வந்தாரா என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. காகிதத்தைத்தான் பார்ப்பார்.

நம் நாட்டிலும் சட்டம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. டிரமடால் என்ற வலி மருந்தை 2018-ல் நம் அரசும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதற்கு முன் சாதாரண வலி மாத்திரை போலப் பலர் வாங்கியதுதான்.

எந்தெந்த மருந்துகளில் கவனம் வேண்டும்?

முழுப் பட்டியலை இங்கே தர முடியாது. அது நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். ஆனால் நம் வீடுகளில் புழங்குகிற இந்த வகைகளைக் கண்டால் உஷாராக இருங்கள்.

1. கடுமையான வலிக்கான மாத்திரை: டிரமடால், கோடீன், மார்பின் சேர்ந்தவை. பாரசிட்டமாலுடன் டிரமடால் கலந்தும் ஒரே மாத்திரையாக வருகிறது. நாம் அதை "வலி மாத்திரை" என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்.

2. இருமல் மருந்து: எல்லா இருமல் மருந்தும் அல்ல, கோடீன் கலந்தவை.

3. நரம்பு மாத்திரை: சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சல், மதமதப்பு, முதுகு வலி என்றால் பிரீகாபலின் என்ற மருந்தை எழுதுவது உண்டு. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, குவைத் ஆகிய நாடுகளில் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. நம் ஊரில் இதை வைட்டமின் சத்துடன் சேர்த்து ஒரே மாத்திரையாகத் தருவதால், "சத்து மாத்திரைதான்" என்று நினைத்து டப்பாவில் போட்டு அனுப்பிவிடுகிறோம். காபாபென்டின் என்ற மருந்தும் இதே வகைதான். அதையும் விசாரிக்காமல் வைக்காதீர்கள்.

4. தூக்கம், பதற்றம், மனநோய்க்கான மாத்திரை: அல்பிரசோலம், டயசெபாம், குளோனசெபாம் போன்றவை.

5. வலிப்பு மாத்திரைகளில் சில: குளோபசாம், குளோனசெபாம், பினோபார்பிட்டோன்.

பிரஷர், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளுக்குப் பொதுவாக இந்தப் பயம் வேண்டாம். ஆனால் அவற்றுக்கும் டாக்டர் சீட்டு கையில் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் கொண்டு போகக் கூடாது.

பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாத்திரை அட்டையில் இருக்கும் பெயர்களில் ஒன்று கம்பெனி வைத்த பெயர். அது கடைக்குக் கடை மாறும். இன்னொன்றுதான் மருந்தின் உண்மையான பெயர். வெளிநாட்டுப் பட்டியலில் தேட வேண்டியது இந்த உண்மையான பெயரைத்தான். இரண்டு மூன்று மருந்து கலந்திருந்தால் எல்லாப் பெயரும் அங்கே இருக்கும், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்து அட்டைகளில் சிவப்பு நிறத்தில் 'என்.ஆர்.எக்ஸ்' என்ற ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்தால் அனுமதி விவரம் தெரியாமல் பெட்டியில் வைக்கவே கூடாது. அதேசமயம், அந்தக் குறி இல்லை என்பதால் அங்கே பிரச்சினை வராது என்றும் நினைக்கக் கூடாது. நம் பட்டியல் வேறு, அவர்கள் பட்டியல் வேறு.

மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையை வெட்டி ஐந்தைக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். வெட்டும்போது பெயரும் தேதியும் போய்விடும். வெளிநாட்டுக்கு என்றால் முழு அட்டையாக, பில்லோடு கேட்டு வாங்குங்கள். மாத்திரைகளைப் பிரித்து பிளாஸ்டிக் டப்பாவிலோ கவரிலோ கொட்டி வைக்காதீர்கள். பெயர் இல்லாத மாத்திரையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம்தான் வரும்.

போகும் முன் செய்ய வேண்டியவை

• விசா வேலை ஆரம்பிக்கும்போதே, அதாவது ஒன்றிரண்டு மாதம் முன்பே, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். எந்த நாட்டுக்குப் போகிறார் என்று சொல்லுங்கள். அங்கே கட்டுப்பாடு உள்ள மருந்து என்றால், அதற்குப் பதில் வேறு மருந்து கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பல நோய்களுக்கு மாற்று மருந்து உண்டு. மாற்றினால் அது ஒத்துக்கொள்கிறதா என்று ஊரில் இருக்கும்போதே பார்த்துவிடலாம்.

• டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், என்ன நோய், மருந்தின் உண்மையான பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை நாளைக்கு என்று எல்லாம் இருக்க வேண்டும். டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண், தேதி அவசியம். மருந்துச் சீட்டும் அதே பெயரில் இருக்கட்டும்.

• அந்த நாட்டின் விதியைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி ஆகிய நாடுகளில் கட்டுப்பாடு உள்ள மருந்தைக் கொண்டு போகிறவர்கள் முன்கூட்டியே இணையம் வழியாக அனுமதி கேட்க வழி இருக்கிறது. சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அனுமதி பெற வேண்டும். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் அந்த அரசின் இணையதளத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்பது இன்னும் நல்லது. "ஒண்ணும் ஆகாதுங்க, நாங்க எத்தனை பேரை அனுப்பியிருக்கோம்" என்று ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஏஜென்ட் வரமாட்டார்.

• அளவோடு கொண்டு போகச் சொல்லுங்கள். இந்த வகை மருந்துகளைப் பல நாடுகள் 30 நாள் தேவைக்கு மட்டுமே அனுமதிக்கின்றன. மொத்தமாக ஆறு மாதத்துக்கு அனுப்புவது அன்பு என்று நமக்குத் தெரியும். அங்கே அது வியாபாரத்துக்கு என்று தோன்றலாம். போனபின் அங்குள்ள டாக்டரைப் பார்த்துத் தொடரலாம்.

• மருந்து, கடிதம், சீட்டு, பில், அனுமதித் தாள் எல்லாவற்றையும் கைப்பையில் ஒன்றாக வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். இன்சுலினும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கீழே போகும் பெட்டியில் உறைந்து கெட்டுப்போகலாம். ஊசி இருப்பதால் அதற்கும் டாக்டர் கடிதம் தேவை.

• இறங்கியதும் சந்தேகம் இருந்தால் மறைக்காமல் சுங்க அதிகாரியிடம் தானே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். மறைத்து வைத்துப் பிடிபட்டால் பிரச்சினை இரட்டிப்பாகும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுப் பயந்து, வலிப்பு மாத்திரையையோ மனநல மாத்திரையையோ திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதும் மாற்றுவதும் டாக்டர் சொல்லித்தான்.

அடுத்தவர் மருந்து வேண்டவே வேண்டாம்

"பக்கத்துத் தெரு அக்கா மகன் அங்கதான் இருக்கான், இந்த மாத்திரையை மட்டும் கொடுத்துடு" என்று யாராவது பொட்டலம் கொண்டு வருவார்கள். மறுத்தால் மனஸ்தாபம் வரும் என்று வாங்கி வைத்துக்கொள்கிறோம். சட்டத்தின் கண்ணில் யார் பெட்டியில் இருக்கிறதோ அவருடையதுதான் அது.

2017-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண் எகிப்துக்குப் போனார். அங்கிருந்த தன் துணைவரின் முதுகு வலிக்காக டிரமடால் மாத்திரை சுமார் 300 கொண்டு போனார். கூட வேலை செய்பவர் கொடுத்தது, தடை இருப்பது தெரியாது என்றார். நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது. 2019 தொடக்கத்தில்தான் வெளியே வந்தார்.

2019-ல் மும்பையிலிருந்து கத்தார் போன இளம் தம்பதியின் பெட்டியில், உறவினர் கொடுத்த பொட்டலத்தில் 4 கிலோ அளவுக்கு ஹஷீஷ் என்ற கஞ்சாப் பொருள் இருந்தது. அவர்களுக்கு 10 ஆண்டு தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் குற்றமற்றவர்கள் என்று தெரிந்து 2021-ல் ஊர் திரும்பினார்கள். அந்தப் பெண் போகும்போது கர்ப்பிணி. குழந்தை சிறையில்தான் பிறந்தது. உறவினர் கொடுத்தாலும் திறந்து பார்க்காத பொட்டலம் வேண்டாம், மருந்து என்றால் திறந்து பார்த்தாலும் வேண்டாம்.

மசாலாப் பொடியும் நாட்டு மருந்தும்

நம் குழுக்களில் பலர் மசாலாப் பொடி அரைத்து விற்கிறோம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறோம். கசகசா அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குக் கசகசா கொண்டு போகத் தடை. குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் சிக்கல்தான். வெளிநாட்டுக்கு என்று கேட்டு வாங்குபவர்களுக்குக் கசகசா இல்லாமல் அரைத்துக் கொடுங்கள்.

சூரணம், லேகியம், பேர் எழுதாத நாட்டு மருந்துப் பொட்டலமும் வேண்டாம். என்ன பொடி என்று சோதனை முடியும் வரை ஆளை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க வேண்டும். "இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்" என்று சொல்ல வேண்டும். 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி, பிடிபட்ட வெளிநாட்டவருக்கு இந்த உரிமை உண்டு. போகிறவருக்கு இந்த ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். சட்ட உதவி போன்றவற்றுக்காக நம் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் தாமதிக்காமல் பாஸ்போர்ட் நகல், டாக்டர் கடித நகல், மருந்துச் சீட்டு, பில் எல்லாம் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசில் அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறை இருக்கிறது, அங்கும் மனு அனுப்பலாம். "பணம் கொடுத்தால் வெளியே எடுத்துவிடுகிறேன்" என்று வருகிற இடைத்தரகரிடம் ஏமாற வேண்டாம்.

குழுவில் என்ன செய்யலாம்?

வெளிநாட்டுப் பயணத்துக்கு யாராவது உள்கடன் கேட்டால், ஊக்குநர் அப்போதே மூன்று கேள்வி கேட்கலாம். போகிறவர் தினமும் சாப்பிடும் மருந்து என்ன? அந்த நாட்டில் அதற்கு அனுமதி உண்டா? டாக்டர் கடிதம் வாங்கியாச்சா? கேட்டதைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டியதில்லை, நோய் விவரம் அவரவர் வீட்டு விஷயம். ஆனால் கேட்காமல் விடாதீர்கள். கடிதம் வாங்க அரை நாள் கூலிதான் போகும்.

அடுத்த வாரக் கூட்டத்தில் இதை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை ஆளுக்கு ஒன்று கொண்டு வந்து, மருந்தின் உண்மையான பெயரைக் கண்டுபிடித்துப் பழகுங்கள். எழுத்துத் தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்லுங்கள்.