ஒரே படம், ஊருக்கெல்லாம் பொட்டலம்: ஸ்ட்ரீமிங் எப்படி இயங்குகிறது?

பேருந்தில் போகும்போது கைப்பேசியில் படம் பார்க்கிறீர்கள். மலைப்பாதை வந்ததும் சிக்னல் குறைகிறது. படம் கொஞ்சம் மங்குகிறது, ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊருக்குள் நுழைந்ததும் மறுபடி தெளிவாகிறது. அதே படத்தை இன்னொருவர் வீட்டில் 55 அங்குல டிவியில் பளிச்சென்று பார்க்கிறார். இருவருக்கும் அனுப்புவது ஒரே நிறுவனம்தான். இது எப்படி முடிகிறது? வீடு வீடாகச் சாப்பாடு அனுப்பும் ஒரு மெஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

முதலில், வதக்குதல்

கட்டுக் கட்டாக வாங்கிய கீரை, சட்டியில் வதங்கினால் ஒரு பிடிதான். வீடியோவுக்கும் முதல் வேலை அதுதான். 1080பி வீடியோவில் ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 25 பிரேம்கள். அப்படியே அனுப்பினால் 600 எம்பிபிஎஸ்ஸுக்கும் மேல் வேகம் வேண்டும். ஆனால் செய்தி வாசிப்பவர் பேசும்போது அவர் பின்னால் உள்ள சுவர் அசைவதில்லையே! ஆகவே சுவரை ஒருமுறை முழுதாக அனுப்பிவிட்டு, அடுத்த பிரேம்களில் மாறிய இடங்களை மட்டும் அனுப்பினால் போதும். இப்படிச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். அதனால் 600 எம்பிபிஎஸ் கேட்ட வீடியோ சுமார் 5 எம்பிபிஎஸ்ஸில் அடங்கிவிடும்.

2003இல் வந்த எச்.264 கோடெக், இன்று புழக்கத்தில் உள்ள கருவிகள் பெரும்பாலானவற்றில் ஓடும். 2018இல் வந்த ஏவி1 இன்னும் நன்றாகச் சுருக்கும். ஆனால் பழைய கருவிகள் பல அதைப் பிரித்துக் காட்டத் திணறும். அதனால் மெஸ்ஸில் இரண்டு விதச் சமையலும் தயாராக இருக்கும்.

பிறகு, பொட்டலம் கட்டுதல்

அடுத்து, முழுப் படத்தையும் சில நொடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறைக்கு இப்போது அது பரிந்துரைக்கும் அளவு 6 நொடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 1,500 துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் கட்டிவைக்கிறார்கள்: ஃபுல் மீல்ஸ், மினி மீல்ஸ், சாம்பார் சாதப் பொட்டலம் என்று. எல்லாத் தரத்திலும் வெட்டு ஒரே நொடியில்தான் விழும். ஆகவே பத்தாவது துண்டை ஃபுல் மீல்ஸாகவும் பதினோராவதைச் சாம்பார் சாதமாகவும் வாங்கினாலும் கதை அறுபடாது. எந்தத் துண்டு எந்தெந்தத் தரத்தில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் மெனு அட்டையும் உண்டு. அதுதான் மேனிஃபெஸ்ட் கோப்பு. நீங்கள் பிளே பட்டனைத் தொட்டதும் முதலில் வருவது அதுதான்.

அடுத்து, கிளைகள்

சென்னையில் சாப்பிடுபவருக்கு அமெரிக்காவிலிருந்து பொட்டலம் வந்தால் ஆறிப்போகும். அதனால் ஊருக்கு ஊர் கிளை வைத்துப் பொட்டலங்களை இருப்பு வைக்கிறார்கள். இந்தக் கிளைகளின் வலைப்பின்னலே சிடிஎன். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தச் சர்வர் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைக்கிறது. பார்ப்பவர்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அவற்றை நிரப்பியும் விடுகிறது.

கடைசியில், எதை வாங்குவது?

இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். தரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது உங்கள் கையில் உள்ள கருவிதான். மெஸ் கேட்டதைக் கொடுக்கும், அவ்வளவுதான். கைப்பேசி முதலில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கேட்கிறது. ஆரம்பத்தில் படம் சற்று மங்கலாகத் தெரிவது அதனால்தான். பிறகு, அது வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கிறது. 6 நொடித் துண்டு 2 நொடியில் வந்தால், அடுத்து பெரிய பொட்டலம் கேட்கலாம். 7 நொடி ஆனால், வருவதை விட வேகமாகத் தட்டு காலியாகும். உடனே சின்னதற்கு இறங்க வேண்டும். தட்டில் இருக்கும் மிச்சம்தான் பஃபர். அது தீர்ந்தால்தான் திரையில் வட்டம் சுற்றுகிறது.

நேரலைக் கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டு டிவி உங்கள் கைப்பேசியை முந்திக்கொள்வதும் இதனால்தான். 6 நொடித் துண்டு மூன்று சேர்ந்த பிறகு ஓடத் தொடங்கினால், 18 நொடி அங்கேயே போய்விடுகிறதே!

ஒரு வார்த்தை

‘ஆட்டோ’வில் விட்டால், கருவி உங்கள் இணைப்பின் வேகத்தைப் பார்க்கும், உங்கள் டேட்டா பேக்கை அது பார்ப்பதில்லை. 5 எம்பிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 ஜிபி செலவாகும்; தினம் 1.5 ஜிபி பேக் அதற்கே போதாது. 1 எம்பிபிஎஸ் என்றால் 450 எம்பி. கைப்பேசியின் சின்னத் திரைக்கு 480பி தாராளம். மொபைல் டேட்டாவில் பார்க்கும்போது செட்டிங்ஸில் அதை நீங்களே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.