உலாவியின் பதுக்ககமும் நிறைந்துபோன வட்டும்

இணையப் பக்கம் ஒன்றை முதன்முறை திறக்கும்போது அதன் படங்கள், எழுத்துருக்கள், நிரல்கள் யாவும் தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து வந்து சேர வேண்டும். மறுமுறையும் அவற்றையே வருவிப்பது வீண் வேலை. ஆதலின் உலாவி அவற்றின் படிகளைக் கணினியின் வட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்கிறது. அவ்வாறு எடுத்து வைக்கும் இடமே 'கேஷ்' எனப்படுவது. ஒளித்து வைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது. தமிழில் பதுக்ககம் என்றால் பொருள் பிசகாது. கேம்பிரிட்ஜ் அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய நினைவகத்தை 'அடிமை நினைவகம்' என்றே அழைத்தார். 1968இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் 360 வரிசையின் 85ஆம் மாதிரியைப் பற்றி எழுதுகையில் 'கேஷ்' என்னும் சொல்லை ஆண்டனர். அதுவே நிலைத்தது, அடிமை என்னும் பெயர் வழக்கொழிந்தது நன்றே.

பதுக்கிய பொருள் பழையதாகிவிட்டதா என்பதை உலாவி எவ்வாறு அறியும்? பொருளை அனுப்பும்போதே வழங்கி அதன் ஆயுளையும் குறித்து அனுப்புகிறது. 86,400 நொடி எனக் குறித்திருந்தால் ஒரு நாள் முழுதும் உலாவி எவரையும் கேளாமல் அப்படியையே எடுத்தாளலாம். ஆயுள் கடந்தபின், அப்பொருளின் அடையாளக் குறியைக் காட்டி, 'இது மாறிற்றா?' என வினவும். மாறவில்லையெனில் 304 என்னும் எண் மட்டுமே விடையாக வரும், பொருள் வாராது.

லினக்ஸ் முறையில் இப்பதுக்ககம் பயனரின் வீட்டுக் கோப்புறையுள் '.கேஷ்' என்னும் உட்கோப்புறையில் அமைகிறது. பெயரின் முன்னுள்ள புள்ளி வெறும் அழகுக்கன்று. புள்ளியோடு தொடங்கும் பெயர்களைக் கோப்புப் பட்டியல் காட்டாது மறைத்துவிடும். வட்டு நிறைந்ததே எனத் தேடுவோர் கண்ணுக்கு இஃது அகப்படாமைக்குக் காரணம் அதுவே.

தனியார் கணினியில் இது சிறு தொல்லை. பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொருவர்க்கும் இத்துணை இடமே என அளவு வகுத்து, வீட்டுக் கோப்புறையைப் பொது வழங்கியில் வைத்திருப்பர். அவ்வளவு தீர்ந்துவிட்டால் எழுதிய கட்டுரையைச் சேமிக்க இயலாது. அதனினும் கொடிது, மறுநாள் கணினிக்குள் நுழையவே இயலாமற் போவதாகும். கடவுச்சொல் சரியாகவே இருக்கும். ஆயினும் திரையமைப்பு தனக்கு வேண்டிய சிறு கோப்பொன்றை எழுத இடமின்றி, மீண்டும் நுழைவாயிலுக்கே திருப்பி அனுப்பிவிடும். கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை.

இத்தகைய வேளையில் கண்டதையும் அழிக்க முற்படுவது தவறு. முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். 'டி.எஃப்.' என்னும் கட்டளை வட்டில் எஞ்சிய இடத்தைக் காட்டும், 'டி.யூ.' எந்தக் கோப்புறை எவ்வளவு விழுங்கிற்று எனக் காட்டும். பதுக்ககமே குற்றவாளி என எல்லாரும் முதலில் எண்ணுவர். உலாவிகள் தம் பதுக்ககத்துக்குத் தாமே ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்பவை. ஆதலின் பல வேளைகளில் பழி வேறிடத்தது. குரோம் உலாவியில் சில இணையத்தளங்கள் தாமே சேமித்து வைக்கும் பண்டங்கள் '.கேஷ்' கோப்புறையில் இரா. பயனர் விவரங்களோடு '.கான்ஃபிக்' என்னும் வேறொரு கோப்புறையில் இருக்கும். பதுக்ககத்தைத் துடைத்தும் இடம் மிகவில்லையே என்பார்க்கு விடை பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

இடமிருந்தும் 'இடமில்லை' எனக் கணினி கூறும் விந்தையும் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உடைமையாளர், அளவு, வட்டில் கிடக்கும் இடம் ஆகியவற்றைக் குறிக்கும் 'ஐநோடு' என்னும் குறிப்பு ஒன்று தேவை. லினக்ஸில் பெரிதும் வழங்கும் 'எக்ஸ்ட்4' கோப்புமுறை, வட்டைப் பண்படுத்தும்போதே வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் இக்குறிப்புகளை ஒதுக்கிவிடுகிறது. 16 ஜிகாபைட் பிரிவுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சமே வரும். ஃபயர்பாக்ஸோ பதுக்கும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனிக் கோப்பாக எழுதுகிறது. சிறு கோப்புகள் பெருகிய வட்டில் இடம் தீருமுன் குறிப்புகள் தீர்ந்துவிடும். 'டி.எஃப்.' கட்டளையோடு 'ஐ' குறியைச் சேர்த்தால் இது புலப்படும்.

அழித்தும் இடம் திரும்பாமைக்கு மற்றொரு காரணம், உலாவி இயங்கிக்கொண்டிருத்தல். லினக்ஸில் கோப்பை அழித்தல் என்பது அதன் பெயரை நீக்குதலே. அதனைத் திறந்து வைத்திருக்கும் நிரல் விடும்வரை உள்ளடக்கம் வட்டிலேயே கிடக்கும். எனவே முதலில் உலாவியை முற்றிலும் மூடி, பின்னரே அழித்தல் முறை.

பதுக்ககம் வெறுமையாகவே இருந்து, ஒவ்வொரு பக்கமும் மெல்ல வருமாயின், உரிமையைச் சோதிக்க வேண்டும். எப்போதோ ஒருமுறை உலாவியைத் தலைமைப் பயனராக இயக்கியிருந்தால், சில அமைப்புகளில் கோப்புறையின் உடைமை அவர் பெயருக்கு மாறிவிடும். அதன்பின் உரியவர் அதில் எழுத இயலாது. 'சிஹெச்ஓன்' கட்டளையால் உடைமையைத் திருப்பித் தந்தால் நோய் தீரும். எல்லார்க்கும் எழுத உரிமை என்று திறந்துவிடும் குறுக்குவழியைச் சிலர் கூறுவர். அது பூட்டைப் பழுதுபார்க்கக் கதவைக் கழற்றுவது போன்றது.

ஒரே ஒரு பக்கம் மட்டும் பழைய கோலத்தில் வந்தால் இத்தனையும் வேண்டா. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பதுக்ககத்தை நாடாமல் புதுப்படியே வரும்.

ஃபயர்பாக்ஸின் முகவரிக் கட்டத்தில் 'அபவுட்:கேஷ்' என இட்டால் பதுக்ககம் எங்குளது, எவ்வளவு நிறைந்துளது, உச்சவரம்பு யாது என்பவை தெரியவரும். வீட்டுக் கோப்புறை பொது வழங்கியில் இருப்பவர், அமைப்புப் பக்கத்தில் பதுக்ககத்தின் தாய்க்கோப்புறையை மாற்றி, அக்கணினியின் சொந்த வட்டுக்கோ நினைவகத்தில் அமைந்த தற்காலிகக் கோப்புமுறைக்கோ கொண்டுபோகலாம். பின்னதைத் தேர்ந்தால் கணினி அணைந்ததும் பதுக்கியவை மறையும். அதனால் கேடில்லை, காலையில் முதற்பக்கம் சற்றுத் தாமதித்து வரும், அவ்வளவே.