நாயின் கழுத்தில் ஒரு வில்லை

தலைநகராம் தில்லியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று நாயும் ஓர் அங்கத்தினராகி விட்டது. ஊரிலே வீட்டின் முன்புறம் திண்ணையும் பின்புறம் கொல்லையும் இருந்தன. நாய் தன் எல்லைக்குள்ளேயே காலம் கழித்தது. இங்கு மூன்றாவது மாடியில் குடியிருப்போருக்குக் கொல்லை ஏது? குடியிருப்பின் நடுவே உள்ள பூங்காதான் கொல்லை. அப்பூங்காவிலேதான் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றனர். முதியோர் மாலையில் உலாவுகின்றனர். நாயை நேசிப்பவரும் நாயைக் கண்டு நடுங்குபவரும் ஒரே புல்தரையைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டியிருக்கிறது. பலருக்கும் பொதுவான இடத்திற்கு விதிகள் இன்றியமையாதவை. அவற்றை நம்மவரில் பலர் அறியாதிருப்பதால் இங்கே சிறிது எடுத்துரைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

நாய் வளர்ப்பது அவரவர் வீட்டு விஷயம்தானே என்று கேட்போர் உண்டு. சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்தில் 399ஆவது பிரிவு நாய்களைப் பற்றியது. வளர்ப்பு நாய்கள் யாவும் பதிவு செய்யப்படவும், பதிவு பெற்ற நாய் கழுத்துப்பட்டையில் உலோக வில்லை அணிந்திருக்கவும் அது வகை செய்கிறது. வில்லையின்றிப் பொது இடத்தில் திரியும் நாயைப் பிடித்து வைக்கவும் இடமுண்டு. வழிப்போக்கரை அச்சுறுத்தக் கூடிய நாய் என்று அறிந்திருந்தும், வாய்ப்பூட்டும் சங்கிலியும் இல்லாமல் அதைத் தெருவில் விடுதல் குற்றம். தம் நாயை வெறிநாய் கடித்திருக்கும் என்று ஐயுற்றும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றமே.

பதிவுக்கு முதற்படி வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ். அதைக் கால்நடை மருத்துவரிடம் பெற்றுக் கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். தில்லியில் மாநகராட்சி, புதுதில்லி நகராட்சி மன்றம், கன்டோன்மென்ட் வாரியம் என மூன்று அமைப்புகள் இருப்பதால், தம் வீடு எதன் எல்லையில் உள்ளது என்பதை முதலில் அறிந்து கொள்வது நலம். வேறு நகரங்களில் வாழும் அன்பர்கள் தத்தம் நகராட்சிக் காரியாலயத்தில் விசாரித்தல் வேண்டும். அறிவிப்புப் பலகை இந்தியில் இருந்தது, எங்களுக்குப் புரியவில்லை என்று சொல்வது அபராதத்திற்கு விலக்காகாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். பார்சல் காரியாலயத்தில் பணிபுரியும் எனக்கு ஓர் உவமை எளிதில் தோன்றுகிறது. சீட்டு ஒட்டாத மூட்டை யாருடையது, எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. வில்லையில்லாத நாயும் அப்படியே. அது ஒரு குழந்தையைக் கடித்துவிட்டால், அந்த நாய்க்கு ஊசி போடப்பட்டதா, அதன் உரிமையாளர் யார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை.

அவ்விடையிலேதான் உயிர் இருக்கிறது. வெறிநோய்க் கிருமி விலங்கின் உமிழ்நீரில் தங்கிக் காயத்தின் வழியே உடலிற் புகுகிறது. நரம்புகளின் வழியாக மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. இதற்குப் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் காப்பாற்றும் மருந்து இல்லை என்றே கூற வேண்டும். தோன்றுமுன் தக்க சிகிச்சை பெற்றாலோ, நோயைத் தடுத்து விடலாம். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு ஊசி போடத் தொடங்கி அவனைக் காத்தார். நம் நாட்டில் 1900இல் கசௌலியிலும், 1907இல் நமது நீலகிரிக் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெரியவர்கள் அஞ்சிய காலம் மலையேறிவிட்டது. பழைய நரம்புத்திசு ஊசி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. இன்று புயத்தில் சில தவணைகளாக ஊசி போடுகின்றனர்.

ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி போட்டு, அந்த அளவைக் குறையாமல் காத்து வந்தால், நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பின்னர் மருத்துவர் கூறும் தவணையில் ஆண்டுதோறும் ஊசி என்று ஒவ்வொரு வீட்டாரும் நடந்து கொண்டால், அந்த எண்ணிக்கை எட்டாக்கனி அன்று.

இனிப் பூங்காவுக்கு வருவோம். நாய்களை அடியோடு விலக்க வேண்டும் என்று சில குடியிருப்போர் சங்கங்கள் தீர்மானம் போடுவதுண்டு. இது முறையன்று என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பிறருக்கு இடையூறில்லாத நேரங்களைப் பேசி முடிவு செய்து கொள்ளலாம் என்பது அதன் யோசனை. பொது இடங்களில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லுமாறும் அது உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தியது. இவ்வாரியத்துக்கு அடிகோலியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் என்பது நமக்குப் பெருமை. அவர் மாநிலங்கள் அவையில் கொணர்ந்த முயற்சியின் பயனாகவே 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். வளர்த்த நாயை வேண்டாமென்று தெருவில் விட்டுச் செல்வதும் அச்சட்டப்படி குற்றமாகும். மாற்றல் உத்தரவு வந்து ஊர் பெயரும் குடும்பங்கள் இதை மறக்கலாகாது. ரயிலில் நாயைக் கொண்டு செல்லவும் தடுப்பூசிச் சான்று கையில் இருத்தல் அவசியம்.

தெருநாய்க்கு மீந்த சோறிடுவது நம் இல்லத்தரசிகளின் இரக்க குணம். அக்குணம் வாழ்க, ஆயினும் பூங்கா வாயிலிலும் விளையாட்டுத் திடலிலும் சோறு வைத்தால் நாய்கள் அங்கேயே கூடும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு வார்டிலும் உணவிடும் இடங்களை நகராட்சி குறிக்க வேண்டும் என்றும், தெருக்களில் கண்ட இடத்தில் உணவிடலாகாது என்றும் ஆணையிட்டது.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. நாய் கடித்ததை ஏச்சுக்கு அஞ்சிக் குழந்தைகள் மறைத்து விடுவார்கள். அந்த மௌனமே உயிருக்கு உலையாகும். சிறு கீறலாயினும் சொல். சொன்னால் ஒருவரும் கோபிக்க மாட்டோம் என்று தாய்மார்கள் முன்கூட்டியே கூறி வைக்க வேண்டும். கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் நன்றாகக் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் தடவலாகாது. கடித்தது வீட்டு நாயே ஆயினும், அன்றைய தினமே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சொன்ன தவணைகளில் ஒன்றையும் விடாது ஊசி போட்டு முடிக்க வேண்டும்.

பிழைப்பைத் தேடி வந்த ஊரில் அண்டை அயலாரின் நல்லெண்ணமே நமக்குப் பெரும் சொத்து. அவர்கள் வீட்டுக் குழந்தை நம் நாயின் அருகே அச்சமின்றி விளையாட முடியுமானால், அந்த நல்லெண்ணத்திற்கு வேறு சாட்சி வேண்டுமோ? நாய் வளர்க்கும் அன்பர்கள் இம்மாதமே சான்றிதழை எடுத்துத் தேதியைப் பார்ப்பார்களாக. தவணை கடந்திருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரை நாடுவார்களாக.