தூத்துக்குடி: கடலுக்குப் போகும் வழி

தூத்துக்குடியின் வளர்ச்சியைத் திட்டமிடுகிறவர்கள் கப்பல் வரும் வழியைப் பார்க்கிறார்கள். மழைத்தண்ணீர் கடலுக்குப் போகும் வழியை முதலில் பார்த்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணிப் பாசனத்தின் கடைக்கோடியிலுள்ள கோரம்பள்ளம் குளம் உடைந்து, வெள்ளம் நகருக்குள் புகுந்தது. அப்படியொரு மழைக்கு எந்த ஊரும் தாங்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் வெள்ளம் எத்தனை நாள் தேங்கி நிற்கும் என்பது, குளத்து நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் உப்பாற்று ஓடையின் அகலத்தையும் பள்ள நிலத்தையும் பொறுத்தது.

அந்தப் பள்ள நிலத்தில் பெரும்பங்கு உப்பளம். கோடையில் வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்து கிடக்கும் பாத்திகள், ஐப்பசி அடைமழையில் வரப்பு மூழ்கிக் குளமாகிவிடும். உப்பளத்தை மேடாக்கித் தொழிற்சாலை கட்டினால் வேலை பெருகுமே என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. உப்பளக் கூலி அற்பம்தான். இருந்தாலும் அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் அடுத்த தெருவுக்குத்தான் போகும். அந்தச் செலவு எந்தத் திட்ட மதிப்பீட்டில் வருகிறது? கடலிலும் இதே கணக்குதான். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டித் தீர்த்த பிறகு, அந்தக் காப்பில்லாமல் தேய்ந்துபோன, தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைக் காக்கக் காசு கொடுத்துச் சிமெண்டுத் திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. துறைமுகத்தை விரிக்கட்டும், அதற்கு முன் உப்பாற்று ஓடையின் எல்லைக்கல்லை நட்டுவிட்டு விரிக்கட்டும்.