அலைவருடி வாங்கலாமா?

2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பெய்த பேய்மழை பினாங்கை வெள்ளக்காடாக்கியது. செபராங் பிறையில் எங்கள் தோட்டத்துச் சாலையும் நீரில் மூழ்கிற்று. மீட்புப் படகு எப்போது வரும் என்று அறிய வழியில்லை. வெள்ளம் வடிந்தபின், பெற்றோர் சங்கத்தார் என்னிடம் வந்தனர். "தீயணைப்புப் படையினரும் போலீசாரும் பேசிக்கொள்வதைக் கேட்கக் கையடக்கக் கருவி உண்டாமே, ஐயா! பள்ளிக்கு ஒன்று வாங்கலாமா?" என்று வினவினர்.

அக்கருவியின் பெயர் ஸ்கேனர். பல அலைவரிசைகளை விரைந்து தடவிச் சென்று, பேச்சுள்ள இடத்தில் நிற்பதால் அதனை அலைவருடி எனலாம்.

பழைய வானொலியில் குரலின் ஏற்றத்தாழ்வை அலையே சுமந்து செல்லும். எண்முறை வானொலியிலோ குரல் முதலில் எண்களாக மாற்றப்பெறும். அவற்றை மீண்டும் குரலாக்கும் முறையை அறியாத கருவியில் இரைச்சலே கேட்கும். மேலும், இவ்வலையமைப்புகள் பலவற்றில் ஒரு குழுவிற்கு ஓர் அலைவரிசை என்பதில்லை. மூன்று அறைகளில் ஆறு வகுப்புகள் நடக்கும் தோட்டப்பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஒழிவாக உள்ள அறைக்கு வகுப்பை அனுப்புபவர் தலைமையாசிரியர். அப்பணியை இங்கே கட்டுப்பாட்டு அலைவரிசை செய்கின்றது. அதன் கட்டளையைப் பின்பற்றும் கருவியே பேச்சைத் தொடர்ந்து கேட்க வல்லது.

ஆதலின், கருவியைத் தேருமுன் ஊரின் முறையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். அமெரிக்காவில் பி-25 முறை பரவியுள்ளது, யூனிடன் எஸ்.டி.எஸ். 100 போன்ற கருவிகள் அதற்கு ஏற்றவை. நம் அரசு அமைத்த ஜி.ஐ.ஆர்.என். வலையமைப்போ, ஐரோப்பாவில் தோன்றிய டெட்ரா முறையைச் சார்ந்தது. பி-25 முறையை மட்டும் அறிந்த கருவி அதற்குப் பயன்படாது. டெட்ராவை அறியும் ஏ.ஓ.ஆர். ஏ.ஆர்.-டி.வி. 10 போன்றவையும் உண்டு. ஆயினும், பேச்சு மறைகுறியாக்கப்பட்டிருப்பின் அவற்றாலும் பயனில்லை. நண்பர் ஒருவர், "எல்லாம் கேட்கும்" என்ற கடைக்காரர் சொல்லை நம்பி ஒன்றை வாங்கினார். அவர் கேட்டது இரைச்சல் ஒன்றே!

இவற்றினும் பெரிய தடை சட்டம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு, உரிய அதிகாரமின்றிப் பிறர் தொடர்பை இடைமறிப்பதைக் குற்றம் என்கின்றது. மாணவர்க்கு நெறி காட்டும் பள்ளி அதனைச் செய்யலாகுமா?

வெள்ளக் காலத்தில் நமக்கு வேண்டுவன இரண்டு: நமக்கென அறிவிக்கப்படும் செய்தியைக் கேட்டல், நம் நிலையைப் பிறர்க்கு அறிவித்தல். முன்னதற்குப் பேட்டரியில் இயங்கும் சிறு வானொலியும் மின்னல் எஃப்.எம். நிலையமும் உதவும். பின்னதற்கு 999 உண்டு. தொலைபேசியும் அற்றுப்போனால் அமெச்சூர் வானொலி கைகொடுக்கும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை பினாங்கையும் அந்தமானையும் தாக்கியபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த இந்திய அமெச்சூர் வானொலியார் அங்கிருந்து வெளியுலகிற்குச் செய்தி அனுப்பி உதவினர். அதற்கான உரிமத்தை, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி நாமும் பெறலாம்.

ஆகவே, சங்கத்தாரிடம் நான் கூறியது இதுவே: "அலைவருடி வேண்டாம். அப்பணத்தில் ஒரு சிறு வானொலி வாங்குவோம். எஞ்சியதைக் கொண்டு நம் இளைஞர் இருவரை அத்தேர்வு எழுதச் செய்வோம்."