பழைய டயர் எங்கே போகிறது? கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலையே இயங்கும் மாவட்டம் மதுரை. புது டயர் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும்; தேய்ந்த டயர் எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் கிடக்கும் லாரி டயர் ஒன்றைச் சாய்த்துப் பாருங்கள். உள்மடிப்பில் தேங்கிய மழைநீரில் கொசுப்புழுக்கள் நெளியும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள், தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் டயரில் ஒட்டியிருந்து அடுத்த மழையில் பொரிக்கும்.

அதற்காகக் கொளுத்துவது இன்னும் பெரிய கேடு. டயர் புகையில் கந்தக டை ஆக்சைடும், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும், நுரையீரலுக்குள் புகும் நுண்கரியும் கலந்திருக்கும். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை விதித்தது. எரிப்பவருக்கு 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். போகிக்கும் இதில் விலக்கு இல்லை.

மைக்ரோவேவ் முறை

டயரைக் கொளுத்தாமல் பிரித்தெடுக்கவும் வழி உண்டு. டயரின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரிப்பொடி. காற்றுப் புகாத கலனில் 400 முதல் 600 டிகிரி வரை சூடேற்றினால் டயர் எண்ணெய், எரிவாயு, கார்பன் கரி, இரும்புக்கம்பி எனப் பிரிகிறது. வழக்கமான ஆலைகளில் கலனுக்கு வெளியே அடுப்பு எரியும். வெப்பம் ரப்பருக்குள் மெதுவாகத்தான் இறங்கும். மைக்ரோவேவ் அலைகளையோ டயருக்குள் இருக்கும் கரிப்பொடியே உள்வாங்கிக்கொள்வதால், உள்ளிருந்தே சூடு பிறக்கிறது. கிடைக்கும் கரியைச் சுத்திகரித்து மீண்டும் ரப்பர் பொருட்களில் சேர்க்கலாம்.

நல்ல நுட்பம்தான். ஆனால் டயரில் இருந்த கந்தகமும் துத்தநாகமும் மாயமாகிவிடுவதில்லை. கந்தகத்தில் ஒரு பகுதி ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவாக வெளியேறும். துத்தநாகம் கரியில் தங்கும். வாயுவைக் கழுவும் அமைப்பும், கரித்தூள் பறக்காமல் மூடிய அறையும் இல்லாவிட்டால் மைக்ரோவேவ் ஆலையும் ஊரைக் கெடுக்கும். அந்தக் கரியை உரம் என்று யார் தந்தாலும் வயலில் கொட்டாதீர்கள். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் டயர்த் துண்டை வைத்துப் பார்க்கவே கூடாது. கம்பியிலிருந்து பொறி பறக்கும், வீடு நச்சுப்புகையால் நிறையும்.

2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் வாடா பகுதியில் பழைய டயரைச் சூடேற்றிப் பிரிக்கும் ஆலை ஒன்றில் வெடிப்பு ஏற்பட்டு, இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். அலட்சியத்தின் விலை இது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2022 ஜூலையில் அபாயக் கழிவு விதிகளைத் திருத்தி, டயர் தயாரிப்பவர்களையும் இறக்குமதி செய்பவர்களையும் மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்கியது. 2024-25 முதல், இரண்டாண்டுக்கு முன் சந்தைக்கு வந்த முழு அளவுக்கும் அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். மறுசுழற்சி ஆலைகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். எண்ணெய், கரி எடுப்பதற்காக வெளிநாட்டுப் பழைய டயரை இறக்குமதி செய்யத் தடை உள்ளது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• டயர்க் கடைக்காரர்கள் பழைய டயரைக் கூரைக்கு அடியில் அடுக்குங்கள். பதிவு பெற்ற ஆலைக்கே விற்று ரசீது வாங்குங்கள்.

• உங்கள் ஊரில் ஆலை வந்தால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருக்கிறதா என்று கேளுங்கள். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

• புகை, நாற்றம் இருந்தால் வாரியத்தின் மதுரை அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆட்சியரகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். 1100 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம். மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள்.

• பலன் இல்லையென்றால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு வக்கீல் இல்லாமலும் போகலாம். பெண்கள், தொழிலாளர்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தரும், அழைக்க 15100.

உடல்நலமோ பயிரோ கெட்டால் இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு, தேதியுள்ள புகைப்படம், மனு நகல் மூன்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். தீர்ப்பாயத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அவைதான்.